புதிர் அவிழ்ந்துவிடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒரு துகளும் அதன் எதிர்த்துகளும் சற்றே வேறுபட்ட அளவில் சிதைவதாக, செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் எல்.எச்.சி.பி. ஆய்வுக் குழு 2025-இல் அறிவித்த முடிவைப் பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை தெளிவாக இருந்தது. ஆனால் பிரபஞ்சத்தில் எதிர்ப்பொருள் (மின்னூட்டம் முதலியவை நேரெதிரான துகள்களால் ஆன பொருள்) ஏன் மிஞ்சவில்லை என்ற புதிர் அவிழ்ந்துவிட்டதாக அதன் தலைப்பு கூறியது. அளவீடு அப்படிக் கூறவில்லை.

லாம்ப்டா-பி என்னும் பாரியான் (மூன்று குவார்க்குகளால் ஆன துகள்) ஒரு புரோட்டான், ஒரு கேயான், இரு பையான் ஆகிய துகள்களாகச் சிதைவதையும், அதன் எதிர்த்துகள் அதே விதமாகச் சிதைவதையும் அக்குழு ஒப்பிட்டது. இரண்டுக்கும் இடையிலான சமச்சீரின்மை 2.45 சதவீதம், பிழை வரம்பு 0.47 சதவீதம். வேறுபாடு பிழையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் இருப்பதால்தான் இதைக் கண்டுபிடிப்பு என்கிறார்கள். ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த மீசான்களில் க்ரோனின், ஃபிட்ச் என்னும் இயற்பியலாளர்கள் 1964-இலேயே கண்ட சி.பி. சமச்சீர்மை மீறல் (துகளும் எதிர்த்துகளும் வேறுபட்டு நடந்துகொள்வது), புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த பாரியான் குடும்பத்தில் உறுதிப்பட அறுபது ஆண்டுகள் ஆயின என்பதே இதன் உண்மையான சிறப்பு. ஆயினும் இம்மீறலுக்கு இயற்பியலாளர்கள் கோபயாஷியும் மஸ்காவாவும் 1973-இல் முன்வைத்த விளக்கத்துக்குள் இந்த அளவு அடங்கிவிடுகிறது. பிரபஞ்சத்தில் பொருள் மட்டும் எஞ்சியதற்கு அந்த விளக்கம் தரும் மீறல் சிறிதும் போதாது என்பது துறையினர் நெடுநாளாக அறிந்ததே.

இரண்டு எண்ணிக்கைகளைக் கழித்துப் பார்க்கும் வேலையாக இதைக் கட்டுரை காட்டியதும் சரியன்று. புரோட்டான்களை மோதவிடும்போது லாம்ப்டா-பியும் அதன் எதிர்த்துகளும் சம அளவில் பிறப்பதில்லை. உணர்கருவியும் பொருளால் ஆனது என்பதால் துகளையும் எதிர்த்துகளையும் அது ஒரே மாதிரி உள்வாங்குவதில்லை. இப்போலி வேறுபாடுகளை நீக்க, சமச்சீர்மை மீறல் எதிர்பார்க்கப்படாத இன்னொரு சிதைவை அளந்து ஒப்பிடுகிறார்கள். காந்தப்புலத்தின் திசையையும் அவ்வப்போது மாற்றுகிறார்கள். எனக்கு இம்முடிவைவிட இந்த எச்சரிக்கையே பெரிதாகத் தோன்றுகிறது.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் முடிவுகள் மாறுவதுண்டு. பி-மீசான் சிதைவில் எலக்ட்ரானும் அதன் கனமான உறவான மியூவானும் ஒரே விகிதத்தில் தோன்றவில்லை என்று 2021-இல் இதே குழு 3.1 சிக்மா அளவில் (அதாவது வேறுபாடு பிழையைப் போல் 3.1 மடங்கு) அறிவித்தபோது, இரண்டும் ஒரே விகிதத்தில் தோன்றும் என்று கூறும் ஸ்டாண்டர்டு மாடல் என்னும் அடிப்படைத் துகள் கோட்பாடு உடைகிறது என்ற பேச்சு உலகெங்கும் எழுந்தது. வேறு துகள்கள் சில எலக்ட்ரான்களாகத் தவறாகக் கணக்கிடப்பட்டிருந்ததைக் கண்டு, 2022 டிசம்பரில் அக்குழுவே திருத்தம் வெளியிட்டது, வேறுபாடு மறைந்தது. முதல் செய்தியை அறிந்தவர்களில் எத்தனை பேருக்கு இரண்டாவது போய்ச் சேர்ந்திருக்கும்?

இனி இத்தகைய செய்திகளில் அளவீட்டோடு அதன் பிழை வரம்பையும் சிக்மா மதிப்பையும் அச்சிட வேண்டுகிறேன். முன்னர் வெளியிட்ட முடிவொன்று பின்னர் திருத்தப்பட்டால், அதற்கும் அதே பக்கத்தில் இடம் ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
இயற்பியல் வாசகர் ஒருவர்