கடலுக்குள் போன ஆறு பேர்ச்சுக்கும் சோலை வரியா?

மதிப்புக்குரிய தவிசாளர், உறுப்பினர்கள், செயலாளர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

உங்கள் பிரதேச சபையின் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் இது ஒரு சபைக்கும் ஒரு வீட்டுக்காரிக்கும் இடையிலான சண்டையாகிவிடும். அம்பாறை மாவட்டத்து ஒலுவிலுக்கு வடக்கே கரையை ஒட்டி இருக்கிற எத்தனையோ வீடுகளுக்கு இதே கதைதான். நான் யார், எந்த வளவு என்பது உங்கள் வருமானப் பகுதிக்குத் தெரியும். போன வாரம் அங்கிருந்துதான் எனக்கு நிலுவை அறிவித்தல் வந்தது.

சோலை வரி, அதாவது வீடு வளவுக்குச் சபை அறவிடுகிற வரி, மூன்று வருட நிலுவை, 14,400 ரூபாய். கட்டத் தவறினால் வீட்டில் உள்ள அசையும் பொருட்கள் கைப்பற்றப்படும் என்று கீழே அச்சடித்திருந்தது. அதைக் கொண்டுவந்த தம்பிமேல் எனக்குக் கோபம் இல்லை. கையெழுத்து வாங்கிவிட்டு, "ராத்தா, கடல் இவ்வளவு கிட்ட வந்திட்டா?" என்று கேட்டார். பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார், பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் பார்த்ததை நீங்களும் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

என் குசினிக் கதவைத் திறந்தால் முன்பு நாலு தென்னை, கிணறு, கிடுகு வேலி, அதற்கப்பால் தோணிகள் ஏற்றி வைக்கிற மணல், கடைசியில்தான் கடல். இப்போது கதவிலிருந்து பதினொரு எட்டு வைத்தால் கால் நனைகிறது. தென்னை ஒன்றும் இல்லை. கிணற்றைச் சுற்றி இருந்த மண்ணை அலை அரித்துக்கொண்டு போனதில் மேல் வளையம் மட்டும் தண்ணீருக்குள் தனியாக நிற்கிறது. உம்மா நாற்பது வருடம் அள்ளிய கிணறு அது. வாளிக் கயிறு உரசி உரசிப் பதிந்த தடம் அதன் விளிம்பில் அப்படியே இருக்கிறது. அலை வடிகிற நேரம் பார்த்தால் தெரியும்.

காணி உறுதிப் பத்திரத்தில் என் வளவு 20 பேர்ச். போன வருடம் என் காசில் நில அளவையாளரைக் கூப்பிட்டு அளந்தேன். மிஞ்சியிருப்பது 14 பேர்ச். உங்கள் பதிவேட்டில் இன்றும் 20. அந்த ஆறு பேர்ச்சில் இப்போது மீன் ஓடுகிறது. அதற்கும் சேர்த்துத்தான் என்னிடம் வரி கேட்கிறீர்கள். வந்து அளந்து பாருங்கள் என்று இரண்டு கடிதம் எழுதினேன். "கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது" என்று ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தது.

நான் வரி கட்டாமல் ஏமாற்றுகிறவள் இல்லை. முழு வருட வரியையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் நூற்றுக்குப் பத்து கழிவு உண்டு என்பதால், வருடம் பிறந்ததும் முதல் வேலையாகச் சபைக் கந்தோருக்கு வந்து கட்டிக்கொண்டிருந்தவள். பற்றுச்சீட்டுகள் எல்லாம் பிஸ்கட் தகரத்துக்குள் பத்திரமாக இருக்கின்றன. வளவு கடலுக்குள் போன பிறகுதான், என் கடிதத்துக்குப் பதில் வரட்டும் என்று நிறுத்தி வைத்தேன்.

விலை விழுந்த வீட்டுக்கு ஏன் வரி விழவில்லை என்று கந்தோரில் கேட்டேன். அங்கிருந்த பிள்ளை பொறுமையாக விளங்கப்படுத்தினார், அவருக்கு நன்றி. வீட்டை விற்றால் என்ன விலை போகும் என்று பார்த்து வரி போடுவதில்லையாம். வாடகைக்குக் கொடுத்தால் வருடத்துக்கு எவ்வளவு வரும் என்று மதிப்பிட்டு, அந்த வருடாந்தப் பெறுமதியில் நூற்றுக்கு இத்தனை என்று சபை அறவிடுகிறது. எனக்கு அது 60,000 ரூபாய், நூற்றுக்கு 8, ஆக வருடத்துக்கு 4,800.

சரி, வாடகைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 60,000 என்றால் மாதம் 5,000. முன் அறையில் ஒரு ஆசிரியை வாடகைக்கு இருந்தார். இரண்டு மாரிக்கு முன் ஒரு இரவு அலை குசினிச் சுவரில் வந்து அடித்தது. விடிந்ததும் சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு ஒருவரும் கேட்டு வரவில்லை. குடியிருக்க ஆள் வராத வீட்டுக்கு எந்த வாடகையை வைத்து 60,000 என்கிறீர்கள்? அந்த மதிப்பீடு செய்த காலத்தில் கடல் என் தென்னைகளுக்கு அப்பால் தூரத்தில் இருந்தது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திரும்ப மதிப்பிட வேண்டியது, அது தள்ளித் தள்ளிப் போகிறது என்றார்கள். ஆனால் எங்கள் ஒழுங்கையில் ஒருவர் மாடியில் ஓர் அறை கட்டினார், அது அடுத்த வருடமே கணக்கில் ஏறிவிட்டது. கூடினால் உடனே தெரிகிறது. குறைந்தால் ஏன் ஒருவர் கண்ணிலும் படுவதில்லை?

ஆட்சேபணை தெரிவிக்கலாம், அதுவும் சரிவராவிட்டால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சட்டம் இருக்கிறதாம். 4,800 ரூபாய்க்காக ஒரு சட்டத்தரணியைப் பிடித்துக் கோட்டுக்கு அலைய என்னால் முடியுமா? நீங்கள் ஒருமுறை வந்து அளந்தாலே முடிகிற வேலை இது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லும்போது கை நடுங்குகிறது. எங்கள் பக்கம் வீடு பெண்ணின் பெயரில்தான் இருக்கும். உம்மா எனக்கு எழுதித் தந்த வீடு இது, நான் மகளுக்கு எழுதிக் கொடுக்க வைத்திருந்தேன். சீதனம் சரியா பிழையா என்பது வேறு பேச்சு, அதில் எனக்கும் கருத்து உண்டு. ஆனால் நடைமுறை அதுதான். போன வருடம் ஒரு சம்பந்தம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் பின் வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தார். தேத்தண்ணி குடித்தார்கள், போனார்கள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, திரும்பி வரவும் இல்லை. வேறிடத்தில் சின்னதாக ஒரு வளவு வாங்கலாம் என்று கடனுக்குப் போனால், வங்கியில் இந்த உறுதியை ஈடாக எடுக்க மறுத்துவிட்டார்கள். சம்பந்தம் பேச வந்தவர்களும் வங்கியும் ஒன்றுக்கும் ஆகாது என்று விட்ட வீட்டுக்கு உங்கள் பதிவேட்டில் மட்டும் பழைய மதிப்பு அப்படியே இருக்கிறது.

ஒலுவில் துறைமுகம் 2013இல் திறந்த பிறகு அதற்கு வடக்கே கரை எப்படித் தேய்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அலைதடுப்புக்குத் தெற்கே மணல் சேர்கிறது, வடக்கே அரிக்கிறது. பாறாங்கல் போட்ட இடம் நின்றால் அடுத்த இடம் கரைகிறது. யாருடைய பிழை என்று வழக்காட நான் வரவில்லை. 2004 டிசம்பர் 26இல் இந்த மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு, கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டாதே என்று எல்லை போட்டார்கள், பிறகு தளர்த்தினார்கள். நுரைச்சோலையில் சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகள் வருடக்கணக்காக ஆளில்லாமல் காடு பற்றிக் கிடந்தன. கரையில் இருக்கிறவர்களுக்கு எது ஒழுங்காக வந்து சேர்ந்தது, இந்த அறிவித்தலைத் தவிர? குப்பை உழவு இயந்திரம் எங்கள் ஒழுங்கைக்குள் வந்து எத்தனை மாதம்? மின்கம்பத்து விளக்கு எரிந்து எத்தனை மாதம்?

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். சோலை வரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வருமானம் இல்லாமல் சபை நடக்காது, குப்பை அள்ளுகிறவர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்பது எனக்கும் விளங்கும். மிஞ்சியிருக்கிற 14 பேர்ச்சுக்கு, இன்று இருக்கிற நிலைமைக்கு நியாயமான வரி எவ்வளவோ, அதைக் கட்ட நான் ஆயத்தம். அதற்கு முதல் வந்து அளந்து புதிதாக மதிப்பிடுங்கள். என் வீட்டை மட்டுமல்ல, கரையோர வரிசை முழுவதையும். மதிப்பிட்டு முடியும்வரை நிலுவை அறிவித்தல்களை நிறுத்தி வைக்க ஒரு தீர்மானம் எடுங்கள். அதற்குச் சபைக்குப் பெரிய செலவு இல்லை.

2025 மே மாதத் தேர்தலுக்கு முன் உங்களில் சிலர் வாக்குக் கேட்டு எங்கள் ஒழுங்கைக்கு வந்தீர்கள். ஒருவர் என் குசினி வாசலில் நின்று அந்தக் கிணற்று வளையத்தைப் போனில் படம் எடுத்தார், வென்றால் இதுதான் முதல் வேலை என்றார். அவர் வென்றுவிட்டார். அந்தப் படம் இன்னும் போனில் இருந்தால் அடுத்த கூட்டத்தில் மற்ற உறுப்பினர்களுக்கும் காட்டும்படி தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அளவு நாடாவோடு எந்த நாளில் வந்தாலும் நான் வீட்டில் இருப்பேன். நில அளவையாளர் தந்த வரைபடமும் பற்றுச்சீட்டுகளும் எடுத்து வைத்திருக்கிறேன். வாடைக் காற்று தொடங்குவதற்கு முன் வாருங்கள். இந்த மாரியோடு அந்தக் கிணற்று வளையமும் போய்விடும் போலிருக்கிறது. அது போய்விட்டால் என் வளவு எதுவரை இருந்தது என்று காட்ட அந்த இடத்தில் வேறு அடையாளம் இல்லை.

இப்படிக்கு,
கரையோர வீட்டுக்காரி ஒருத்தி