மனை அங்கீகாரம் வாங்கும் படிப்பு அல்ல அது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் உயர்கல்விச் சிறப்பு இணைப்பில் நகர், வட்டாரத் திட்டமிடல் முதுகலைப் படிப்புக்கு மூன்று வரி ஒதுக்கியிருந்தீர்கள். மூன்று வரிதானா என்று கேட்க வரவில்லை. அதில் ஒரு வரி: "கட்டட வரைபடம் தயாரித்து மனைகளுக்கு அங்கீகாரம் பெற்றுத்தரும் பணிக்கான படிப்பு, ஆர்க்கிடெக்ட்கள் மட்டும் சேரலாம்."

நான் ஆர்க்கிடெக்ட் இல்லை. புவியியலில் எம்.ஏ. முடித்துவிட்டு, வெளிமாநிலத்தில் இந்தப் படிப்பை இரண்டு ஆண்டு படித்தவள். என் வகுப்பில் பி.ஆர்க். படித்தவர்கள் இருந்தார்கள்; சிவில் இன்ஜினியர்கள், பொருளாதாரம் படித்தவர்கள், சமூகவியல் படித்த ஒரு மலையாளப் பெண் எல்லோரும் இருந்தோம். இன்றைக்கும் தில்லி, கரக்பூர் போன்ற இடங்களில் புவியியல், பொருளாதாரம், சமூகவியல் முதுகலை படித்தவர்களுக்கு இதில் இடம் உண்டு. தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இதை எழுதத் தூண்டியது எங்கள் தெருப் பெண். எம்.ஏ. புவியியல் இறுதியாண்டு. ஒரு வருடமாக என் பழைய நோட்டுகளை வாங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பக்கத்தை நான்காக மடித்து எடுத்து வந்து, "அக்கா, இது நமக்கில்லையாம்க்கா" என்று நோட்டுகளைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனாள். நான் சொன்னதைவிட அச்சில் வந்ததை அவள் நம்பினாள். அவளைக் குறை சொல்ல முடியாது. இருபத்தைந்து வருடமாக நானும் தங்கள் பத்திரிகையை அப்படித்தான் நம்புகிறேன்.

அந்தப் படிப்பில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். முதல் பருவத்தில் ஒரு பேருந்து நிலையத்தில் காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து மணிவரை நின்று, எந்த ஊர் பஸ்ஸில் எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து எண்ணினோம். வாரச் சந்தையில் காய் விற்கும் பெண்களிடம் எந்த ஊர், ஏன் பக்கத்துச் சந்தைக்குப் போகாமல் இங்கே வந்தீர்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள் என்று கேட்டோம். சின்ன ஊர்கள் ஒரு பெரிய ஊரைச் சுற்றி எப்படி அமைகின்றன என்று வால்டர் கிறிஸ்டாலர் 1933-இல் தென் ஜெர்மனியை வைத்து எழுதியதை அந்தச் சந்தையில்தான் நான் புரிந்துகொண்டேன். வட்டாரத் திட்டமிடல் என்றால் அதுதான். ஒரு ஆஸ்பத்திரியை எந்த ஊரில் வைத்தால் நாற்பது கிராமத்துக்கு எட்டும் என்று பார்ப்பது. அப்புறம் மக்கள்தொகைக் கணிப்பு, போக்குவரத்து, நிலச் சட்டங்கள், நகராட்சியின் வரவு செலவு. கட்டட வரைபடம் நான் ஒன்றுகூடப் போட்டதில்லை.

ஆய்வேட்டுக்காகச் சொந்த மாவட்டத்துக்கு வந்து, ஒரு சிறு நகரத்தின் விளிம்பில் நிலப் பயன்பாட்டைக் குறித்தேன். கையில் கிராம வரைபடம், கலர் பென்சில். வீடு இருந்தால் மஞ்சள், கடைக்கு நீலம், பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் சிவப்பு, பூங்காவுக்குப் பச்சை. ஒரு கண்மாய்க்குக் கீழே வரிசையாகக் கல் ஊன்றி, சிவப்பும் மஞ்சளுமாகக் கொடி கட்டிய மனைப்பிரிவு. மஞ்சள் பென்சிலை எடுத்தேன். பெட்டிக்கடைப் பாட்டி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரலோடு எழுந்து வந்து வரைபடத்தை எட்டிப் பார்த்தார். "ஏத்தா, இது வரத்துக்காலு. மேலக் கண்மாய் மறுகா போனா இந்த வழியாத்தான் தண்ணி கீழக் கண்மாய்க்கு வரும். உன் காகிதத்துல இருக்கா?" என்று விரலை வைத்தார். சுண்ணாம்புப் பொட்டு விழுந்த இடத்தில், சர்வே வரைபடத்தில் மெல்லிசாக இரட்டைக் கோடு இருந்தது. எனக்குத்தான் கண்ணில் படவில்லை. மடை, கலுங்கு, வரத்துக்கால் என்ற சொற்கள் என் பாடப் புத்தகம் எதிலும் கிடையாது. அந்தச் சுண்ணாம்புக் கறையோடுதான் வரைபடத்தை ஆய்வேட்டில் ஒட்டினேன்.

ஆய்வேட்டின் பிரதி ஒன்றைச் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். யாரும் பிரித்ததாகத் தெரியவில்லை. சில வருடம் கழித்து அதே இடத்தில் என் கொழுந்தனாரே மூன்று சென்ட் வாங்கினார். 'பஞ்சாயத்து அப்ரூவ்ட்' என்று முத்திரை குத்திய வரைபடம். நோட்டீசில் இருபது அடி ரோடு, அளந்தால் பதினான்கு. நான் வேண்டாம் என்றதை வீட்டில் ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. "நீ படிச்சது ஊருக்கு, இது நம்ம வீடு" என்றார்கள். 2016 செப்டம்பரில், இதுபோல் நகரமைப்புத் துறையின் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, மகளின் படிப்புச் செலவுக்கு அந்த மனையில் ஒரு பகுதியை விற்க முயன்று முடியாமல் நின்றார். மறு வருடம் அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்து பணம் கட்டிக் காகிதம் வாங்கினார். காகிதம் தண்ணீரை நிறுத்துமா? ஓர் ஐப்பசி மழையில் முழங்காலுக்குத் தண்ணீர் வந்தது. என் மாமனாருக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் தெருமுனையில் திரும்ப இடமில்லாமல் நின்றுவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கிப் போனோம். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த முந்நூறு அடி தூரத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

சொல்ல வந்ததை விட்டு வேறெங்கோ போகிறேன் என்று தங்களுக்குத் தோன்றலாம். மன்னிக்க வேண்டும், வேறு யாரிடம் சொல்வது? வெள்ளம் வந்தால் தங்கள் பத்திரிகையில் பக்கம் பக்கமாகப் பேட்டி வருகிறது. நடிகர், ஓய்வுபெற்ற பொறியாளர், வானிலை ஆர்வலர் பேசுகிறார்கள். இந்தப் படிப்பு படித்த ஒரு நகரமைப்பாளரிடம் கேட்டு வெளிவந்ததை 2015-க்குப் பிறகு நான் பார்க்கவில்லை. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையில் குண்டு போட்ட கதையை வருடம் தவறாமல் செப்டம்பர் 22-இல் வெளியிடுகிறீர்கள். அதே எம்டன் 1914 அக்டோபரில் மூழ்கடித்த ஒரு கப்பலில்தான், பாட்ரிக் கெடஸ் என்ற ஸ்காட்லாந்து நகரமைப்பு அறிஞர் சென்னைக்கு அனுப்பிய நகரமைப்புக் கண்காட்சி முழுவதும் கடலுக்குள் போனது. அவர் மறுபடி படங்களைத் திரட்டி 1915-இல் சென்னையில் கண்காட்சி வைத்தார். தஞ்சாவூர், மதுரை என்று தெருத்தெருவாக நடந்து, பழைய தெருக்களை மொத்தமாக இடிக்காமல் எங்கே சிறிது நீக்கினால் போதும் என்று அறிக்கை எழுதினார். முதலில் ஊரைப் படி, பிறகு திட்டம் போடு என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். ஐந்து வருடத்தில், 1920-இல், சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டமே வந்துவிட்டது. இந்தப் படிப்புக்கு நம் மண்ணில் நூறு வருட வேர் இருக்கிறது என்று ஒரு வருடமாவது எழுதியிருக்கலாமே?

வேலைக்கு வருவோம். ஒரு விளம்பரத்தைப் பார்த்து நேர்காணலுக்குப் போனேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். "அடிப்படைப் பட்டம் சிவில் இல்லையே" என்று ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். நகரமைப்பு வேலைக்கு நகரமைப்பு படித்தவள் போதாது என்றார்கள். 2021 செப்டம்பரில் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை தங்களுக்குத் தெரியாததில்லை. மாநில நகரமைப்புத் துறைகளுக்கு 12,000-க்கு மேல் நகரமைப்பாளர் பணியிடம் தேவை. ஒப்புதலானவை 4,000-க்கும் குறைவு. அதிலும் பாதி காலி. நாட்டின் 7,933 நகரக் குடியிருப்புகளில் 65 சதவீதத்துக்கு முழுமைத் திட்டமே (மாஸ்டர் பிளான்) இல்லை. பல மாநிலங்களில் அந்த வேலைக்கு நகரமைப்புப் பட்டம் கட்டாயத் தகுதியாக இல்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பிலேயே 48.4 சதவீதம் பேர் நகரவாசிகள். சென்னைப் பெருநகரப் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-ஆக 2022-இல் விரிந்தது. அத்தனை கண்மாயையும் ஏரியையும் வரத்துக்காலையும் யார் நடந்துபோய்ப் பார்ப்பது? அதற்குப் படிக்க வரும் பிள்ளைகளை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது தங்கள் ஒரு வரி.

நான் கேட்பது நான்கு வரித் திருத்தம். நகர், வட்டாரத் திட்டமிடல் முதுகலைக்கு பி.ஆர்க்., பி.பிளான். (திட்டமிடல் இளங்கலை), சிவில் படித்தவர்களோடு, புவியியல், பொருளாதாரம், சமூகவியல் முதுகலை படித்தவர்களும் பல கல்லூரிகளில் விண்ணப்பிக்கலாம்; ஒவ்வொரு கல்லூரியின் தகுதி விதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முதுகலைச் சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வில் கட்டடக்கலையும் திட்டமிடலும் சேர்ந்த தாள் இருக்கிறது. அதில் பொதுப் பகுதியோடு திட்டமிடல் பகுதியைத் தேர்ந்து எழுதலாம். அதற்கு விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும்.

தவறு வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். எங்கள் தெருப் பெண்ணின் நோட்டுகள் இன்னும் என் திண்ணையில்தான் இருக்கின்றன. திருத்தம் வந்த அன்றே அவற்றோடு பத்திரிகையையும் கொண்டுபோய் அவள் வீட்டில் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
சிவகங்கை மாவட்டம்.