முள் 225-இல் நிற்கும் படம்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மலையும் மேகமும் அழகுதான். என் கண் என்னவோ டேஷ்போர்டுக்குத்தான் போனது. உன் வண்டியின் டிரான்ஸ்மிஷன், அதாவது கியர்பாக்ஸ், சூடு 225 என்று காட்டுகிறது. மேடு ஏறும்போது எடுத்த படமா, ஏறி முடித்து ஓரம் கட்டிய பிறகு எடுத்ததா? ஓட்டிக்கொண்டே எடுத்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். பக்கத்து இருக்கையில் யாரும் இருந்த மாதிரியும் தெரியவில்லை. சரி, அது இருக்கட்டும்.

225 ஃபாரன்ஹீட் என்றதும் பயந்துவிடாதே. அலிசன் கம்பெனியின் 3000, 4000 வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு அவர்களுடைய கையேட்டிலேயே கணக்கு இருக்கிறது. சாதாரணமாக ஓடும்போது சம்ப்பில், அதாவது அடித்தொட்டியில், உள்ள எண்ணெய் 160 முதல் 200 வரை இருக்கும். செல்சியஸில் 71 முதல் 93. நீண்ட மேட்டில் அதைத் தாண்டும், தாண்டட்டும். சம்ப் 250-ஐத் தொடக் கூடாது, அவ்வளவுதான். எஞ்சின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிற கன்வர்ட்டரை விட்டு வெளியே வருகிற எண்ணெய் இன்னும் சூடாக இருக்கும், கொஞ்ச நேரத்துக்கு 300 வரைகூடப் போகலாம். அதனால் உன் முள் எந்த இடத்துச் சூட்டைக் காட்டுகிறது என்று முதலில் தெரிந்துகொள். சம்ப்பா, கன்வர்ட்டரா என்று தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. மேடு முடிந்து சமதளத்தில் சில மைல் ஓடிய பிறகும் 220-லேயே நின்றால் அப்போதுதான் கவலைப்பட வேண்டும். இறங்குகிறதா என்று பார். இறங்கினால் நல்லது.

வண்டியை மேட்டில் தவழ விடாதே. கன்வர்ட்டருக்குள் எண்ணெய்தான் எண்ணெயைத் தள்ளுகிறது. அதில் வழுக்கிப் போகிற சக்தியெல்லாம் சூடாகிறது. கன்வர்ட்டரின் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பூட்டுகிற லாக்-அப் கிளட்ச் பிடித்துவிட்டால் அந்த வழுக்கல் இல்லை. வேகம் ரொம்பக் குறைந்தால் லாக்-அப் விட்டுவிடும். அதற்கு முன்பே கியர் பட்டன்களில் கீழ் அம்பை அழுத்தி ஒரு கியர் குறைத்துவிடு. எஞ்சின் சுற்று ஏறும், தண்ணீர் பம்ப் வேகமாக ஓடும். சத்தம் போடும். போடட்டும்.

15 டன் வண்டியைத் தனி ஆளாக ரிவர்ஸ் எடுத்து இடுக்கில் நிறுத்துகிறாய் என்று தம்பி சொன்னான். எனக்கு இருந்த பெருமையை அம்மாவிடம் கேள். ஆனால் ஐந்து வாரத்துக்கு ஒரு படம், அதன் கீழே ஒரு வரி கிடையாது. இது என்ன பழக்கம்? வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டாய் என்பதும் தம்பி சொல்லித்தான் தெரியும். நான் ஏதாவது கேட்டேனா?

ரேடியேட்டரைப் பார்த்தாயா? டிரான்ஸ்மிஷன் சூடு எஞ்சின் தண்ணீரில்தான் போய்ச் சேர்கிறது. ரேடியேட்டர் அடைத்திருந்தால் இரண்டு முள்ளும் சேர்ந்தே ஏறும். உன் வண்டியைப் போல ரேடியேட்டர் பின்னால் இருந்தால் அழுக்கு எஞ்சின் பக்கத்து முகத்தில் படியும். எஞ்சின் மூச்சு விடுகிற பிரீதர் குழாயிலிருந்து வரும் எண்ணெய்ப் புகை ஒட்டி, அதன்மேல் சாலைத் தூசி ஒட்டி, கம்பளம் மாதிரி ஆகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் பளிச்சென்று இருக்கும், ஏமாந்துவிடாதே. எஞ்சின் பக்கத்திலிருந்து கழுவச் சொல்.

எண்ணெய் அளவையும் சூடேறிய பிறகு பார். எண்ணெய் அளவைக் காட்டும் சென்சார் உள்ள வண்டி உன்னுடையது. சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, மேல் அம்பையும் கீழ் அம்பையும் சேர்த்து அழுத்தினால் இரண்டு நிமிடம் போல எண்ணெய் அடங்கக் காத்திருந்து அளவைக் காட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே, முள் 250-ஐ நெருங்கினால் நிறுத்திவிடு. ஓரம் கட்டு. எஞ்சினை அணைக்காதே. நியூட்ரலில் போட்டு 1200-இலிருந்து 1500 சுற்றில் ஓட விடு. இரண்டு மூன்று நிமிடத்தில் இறங்கும். பின்னால் எத்தனை வண்டி ஹார்ன் அடித்தாலும் நிறுத்து.

நான் நிறுத்தவில்லை. அந்த மேடு உனக்கு மறந்திருக்காது. உனக்கு 11 வயது. முன்னால் உட்கார்ந்து நோட்டில் முள்ளின் எண்களை எழுதிக்கொண்டே வருவாய். 230 என்றாய். 245 என்றாய். அப்புறம் "அப்பா, 260" என்றாய். வாயை மூடு என்று கத்தினேன். பின்னால் வரிசையாக வண்டிகள். நடுவழியில் நிறுத்த எனக்கு வெட்கம், அவ்வளவுதான் காரணம். கொஞ்ச தூரத்தில் தீய்ந்த வாடை வந்தது.

எண்ணெய் மாற்றிய பட்டறைக்காரன் சரியாகச் செய்யவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். அன்று இரவு அம்மாவிடம், பிள்ளை கியர் பட்டனைத் தொட்டிருப்பாள் என்றும் சொன்னேன். நீ தொடவில்லை. உன் இரண்டு கையும் நோட்டின் மேல் இருந்ததை நான் பார்த்தேன். நீ அப்போது தூங்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். போர்வைக்குள் உன் கால் அசைந்தது.

அதற்குப் பிறகு நீ முன்னால் உட்காரவே இல்லை. நானும் கூப்பிடவில்லை.

போன வருஷம் அவ்வளவு நடந்தும் நீ ஏன் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லவில்லை என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்குக் காரணம் தெரியும். ஒன்றும் தெரியாதவன் மாதிரி அவளோடு சேர்ந்து நானும் வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை அனுப்பும் முன் அவளிடம் படித்துக் காட்டப் போகிறேன். பட்டன் விஷயத்தையும் சேர்த்துத்தான்.

உன் நோட்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கடைசி வரி 260. எண்ணுக்குப் பக்கத்தில் மணியும் எழுதியிருக்கிறாய்.

அடுத்த மேடு ஏறி முடித்து, நிறுத்திய பிறகு, எவ்வளவு காட்டியது என்று அனுப்பு. எண் மட்டும் அனுப்பினாலும் போதும். நடுராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, நான் விழித்துத்தான் இருப்பேன்.

அப்பா

மறுபடியும் சொல்கிறேன், ரேடியேட்டரை எஞ்சின் பக்கத்திலிருந்து பார்க்கச் சொல். டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்.