மரவாடியின் வரக்காப்பித் தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐப்பசி மழையில் மரவாடிகளை ஒட்டிய வடிகால்களில் வரக்காப்பி நிறத்தில் ஓடும் தண்ணீரை ‘வெறும் மரச்சாறுதானே’ என்று விட்டுவிடுகிறார்கள். தோல் பதனிட ஆவாரம்பட்டையிலிருந்து இறக்கும் அதே துவர்ப்புதான் அதில் இருக்கிறது. மரச்சர்க்கரையும் சேர்ந்து குளத்தில் இறங்கினால், கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து மீன் செத்து மிதக்கும். நீர்நிலையில் விடும் கழிவுநீரில் பிஓடி (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராம், கரையாமல் நீரில் கலந்து நிற்கும் திடப்பொருள் 100, எண்ணெய் 10 என்பதே பொது வரம்பு.

கணக்கு எளிது. ஒரு ஏக்கரில் 25 மி.மீ. மழை பெய்தால் சுமார் 1 லட்சம் லிட்டர். அழுக்கில் பெரும்பகுதி முதல் 10 மி.மீ. மழையிலேயே கழுவி வந்துவிடும். அதைப் பிடிக்க 40,000 லிட்டர் தொட்டி வேண்டும். 8 மீட்டர் நீளம், 3.5 அகலம், 1.5 ஆழம் போதும்.

தொட்டி கட்டியவர்களும் தவறுவது ஓரிடத்தில். மரத்தூள் முதலில் மிதக்கும். ஊறிய பிறகுதான் அடியில் படியும். மேல்வழியாக வழிந்தோட விட்டால் தூளும் ரம்பத்தின் செயின் ஆயிலும்தான் முதலில் வெளியேறும். வெளிவாய்க்கு முன்னால் நீர்மட்டத்துக்கு மேல் 15 செ.மீ., கீழ் 45 செ.மீ. இருக்குமாறு ஒரு தடுப்புப் பலகையைத் தொங்கவிட்டால், தண்ணீர் அதன் அடியில் புகுந்து போகும். மழை விட்டதும் எண்ணெயை வழித்துவிட்டு, 2 நாளுக்குள் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். நிறைந்து கிடக்கும் தொட்டி அடுத்த மழைக்கு வெறும் வாய்க்கால்தான், கொசுவும் முட்டையிடும். இறைத்த தண்ணீரைத் தடிகள் வெடிக்காமலிருக்க அவற்றின் மேலேயே தெளிக்கலாம்.

நிறம் தொட்டியில் படியாது. படிகாரம் போட்டால் ஓரளவு இறங்கும். ஆனால் ஏற்கெனவே அமிலத்தன்மையுள்ள தண்ணீரில் அமிலம் இன்னும் கூடும். கூடவே சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். இதைவிடப் பட்டையையும் தூளையும் மழைக்கு முன்பே வாரிக் கூரையடியில் சேர்ப்பது மலிவு. லோடர் சக்கரம் பட்டையை அரைத்துச் சேறாக்கிவிட்டால் எந்தச் சல்லடையிலும் நிற்காது. வாசலில் 15 செ.மீ. உயர சிமென்ட் மேடு ஒன்று போட்டால் தெருத்தண்ணீர் உள்ளே வராது; பலர் தொட்டிக்குச் செலவழித்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

பூச்சி அரிக்காமலிருக்க மருந்திட்ட மரம் தனிக்கதை. ரப்பர் மரத்துக்கு ஏற்றும் போராக்ஸ், போரிக் அமிலம் மரத்தோடு பிணையாது. மழை பட்டால் கரைந்து வந்துவிடும். குரோமியம், செம்பு, ஆர்சனிக் கலந்த மருந்து என்றால், சொட்டு நிற்கும்வரை கூரையின்கீழ், விளிம்பு கட்டிய கான்கிரீட் தளத்தில் அடுக்க வேண்டும். அந்தச் சொட்டு மருந்துத் தொட்டிக்கே திரும்ப வேண்டும், மழைநீர்த் தொட்டிக்கு ஒருபோதும் போகக்கூடாது.

மாதிரி எடுக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: வெளிவாயில் தண்ணீர் வரத் தொடங்கிய முதல் அரைமணிக்குள், அங்கேயே எடுங்கள். மறுநாள் எடுக்கும் புட்டியில் தெளிந்த தண்ணீர்தான் இருக்கும்.

இப்படிக்கு,
சுற்றுச்சூழல் பொறியாளர் ஒருவர்,
தூத்துக்குடி