மிஷன் வீட்டுக் கணக்கையும் கற்றுத்தாருங்கள்

வடக்கில் பணியாற்றும் திருச்சபைகளின் பேராயர்களுக்கும் இறையியல் கல்லூரி ஆசிரியர்களுக்கும்,

கிறிஸ்துவின் நாமத்தில் வணக்கம். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைப் பிரிவான ஒரு சேகரத்திலிருந்து எழுதுகிறேன். குருவாக அபிஷேகம் பெற்று 13 வருடங்கள் ஆகின்றன.

சபைக் கணக்கு எழுத எங்களுக்கு நன்றாகவே பழக்கினீர்கள். காணிக்கையை இருவர் சேர்ந்து எண்ண வேண்டும், பற்றுச்சீட்டில்லாமல் ஒரு சதமும் வெளியே போகக் கூடாது, வருட முடிவில் கணக்காய்வாளர் பார்க்க வேண்டும். குரு குடும்பத்தோடு வாழும் மிஷன் வீட்டில் சமையலறைக்கும் ஒரு கணக்கு உண்டு. அதை எழுத யாரும் பழக்கவில்லை.

மனைவியின் சங்கிலியை அடகு வைத்த சீட்டை ஜெபப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருந்தேன். ஓர் அடக்க ஆராதனையில் பக்கத்தைப் புரட்டியபோது அது குழியோரத்து ஈரமண்ணில் விழுந்தது. சபையைச் சேர்ந்த அம்மா ஒருவர் குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டி, ஒன்றும் சொல்லாமல் என் கையில் வைத்தார்.

நான் ஆடம்பரமாக வாழ்ந்து கடன்படவில்லை. இரவில் கதவு தட்டப்படும். காய்ச்சல் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஓட்டோவுக்குக் காசில்லை என்பார்கள். சட்டைப்பையில் இருப்பதைக் கொடுப்பேன். 2022 ஓகஸ்டில் 87 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபாயானது. மண்ணெண்ணெயில் ஓடும் மீன்பிடிப் படகுகள் கரையில் கிடந்தன. காணிக்கை குறைந்தது, கதவு தட்டுகிறவர்கள் கூடினார்கள். கொடுப்பதுதான் ஊழியம் என்று நினைத்தேன். என் பிள்ளைகளின் பால்மாக் காசை அவர்களைக் கேட்காமலே கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் விளங்கியது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் உறவுகள் ஊரில் உள்ள குடும்பங்களுக்கென்று என் சொந்த வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புவார்கள். வன்னியில் பல குருமாருக்கு இது பழகிய காரியம். நம்பிக்கையால் வருகிற பணம் அது. என் மாதக் கொடுப்பனவோடு ஒரே புத்தகத்தில் கலந்து கிடந்தது. ஒரு மாதம் மோட்டார் சைக்கிளின் லீசிங் தவணையை அதிலிருந்து கட்டிவிட்டேன். 11 நாட்களில் திரும்ப வைத்தேன். யாருக்கும் தெரியாது. அந்த 11 நாட்களும் நான் பிரசங்கத்துக்கு ஆயத்தம் செய்ய உட்கார்ந்தும் ஒரு வரிகூட எழுத முடியவில்லை.

சீட்டை எடுத்துத் தந்த அம்மா ஒரு கிழமை கழித்து மிஷன் வீட்டுக்கு வந்தார். 2009இல் எல்லாவற்றையும் இழந்து, இப்போது இரண்டு ஏக்கர் வயலோடு வாழ்பவர். "ஐயா, காலபோக நெல்லை வெட்டியதும் விதைநெல்லைக் கட்டி வைத்த பிறகுதான் நாங்கள் சோற்றுக்கு அளப்போம். உங்களுக்கு மாதா மாதம் அறுவடை. நீங்கள் எதைக் கட்டி வைக்கிறீர்கள்?" என்று கேட்டார். பதில் இல்லை. அன்றே ஒரு கொப்பி வாங்கினேன். மனைவியும் நானும் இரவில் உட்கார்ந்து எழுதுகிறோம். பிறருக்குக் கொடுப்பதற்கென்று மாதத் தொடக்கத்திலேயே ஒரு தொகையை எடுத்து வைக்கிறோம். ஊர்ப்பணத்துக்கு வேறு கணக்கு, இரண்டு கையெழுத்து. சங்கிலி மீண்டுவிட்டது.

எங்களுக்கு இந்த அறிவு இல்லாவிட்டால் மந்தைக்கும் நட்டம். ஒரு சகோதரி நுண்கடன் அட்டையைக் கொண்டுவந்து, "ஐயா, 24 வீத வட்டி சரிதானே?" என்று கேட்டார். ஒரு இலட்சத்துக்கு 12 மாதமும் 10,333 ரூபாய். கட்டக் கட்டக் கடன் முதல் குறைந்தும் வட்டி குறையவில்லை. முழு இலட்சத்துக்கும் கடைசிவரை கணக்கிட்டிருந்தார்கள். உண்மையான வட்டி வருடத்துக்கு 40 வீதத்துக்கு மேல். அன்று எனக்கு அது தெரியாது. "சரிதான் போல" என்று சொல்லி அனுப்பினேன்.

ஆகவே கேட்கிறேன்: அபிஷேகத்துக்கு முன்னரே, துணைவியரையும் உட்கார வைத்து, வரவுசெலவும் கடனும் வட்டியும் கற்பியுங்கள். ஒரு கடைச் சிப்பந்தியின் ஓய்வுகாலத்துக்கான சேமலாப நிதிக்கே அவர் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் கட்ட வேண்டும் என்பது சட்டம். ஒரு குருவுக்கு எங்கே, எவ்வளவு சேர்கிறது என்று முதல் வருடத்திலேயே எழுத்தில் காட்டுங்கள். இடமாற்றம் இடமாற்றமாக மிஷன் வீடுகளிலேயே வாழ்ந்துவிட்டு, ஓய்வு பெறும் நாளில் சாவியைக் கொடுத்துவிட்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்ற மூத்த குரு ஒருவரை நான் பார்த்திருக்கிறேன்.

கடன்பட்ட குரு பேசுவதற்கு ஒருவரையும் நியமியுங்கள். அவர் இடமாற்றங்களைத் தீர்மானிப்பவராக இருக்கக் கூடாது. நான் வாய் திறக்காததற்கு அந்தப் பயமே காரணம்.

பக்கத்துச் சேகரத்துக்கு அடுத்த மாதம் ஓர் இளம் குரு வருகிறார். திருமணமாகி ஆறு மாதம். என் கொப்பியை அவருக்குக் காட்டப்போகிறேன், அந்த 11 நாட்களின் பக்கத்தையும் சேர்த்து.

இப்படிக்கு,
வன்னியில் பணியாற்றும் ஒரு குரு