ஏசி விலையோட மாட்டுற செலவையும் சேர்த்துப் போடச் சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெயில் ஆரம்பிச்சாலே உங்க பேப்பர்ல முழுப்பக்கத்துக்கு ஏசி விளம்பரம் வர ஆரம்பிச்சிடுது. விலை பெரிய எழுத்துல இருக்கு, தள்ளுபடி அதைவிடப் பெரிய எழுத்துல இருக்கு, மாசத் தவணை எவ்வளவுன்னும் இருக்கு, ஆனா பக்கத்தோட அடியில பொடி எழுத்துல 'இன்ஸ்டலேஷன் தனி, நிபந்தனைகளுக்கு உட்பட்டது'ன்னு ஒரு வரி போட்டிருக்காங்க பாருங்க, கணக்குப் பார்த்து பணம் சேர்த்து வாங்குற குடும்பம் மாட்டிக்கிறது அந்த வரியிலதான்.

ஸ்பிலிட் ஏசி டப்பாவுல வர்றது முழு ஏசி கிடையாது. உள்ள ஒரு யூனிட், வெளிய ஒரு யூனிட், ரெண்டையும் காப்பர் பைப்பால இணைச்சு, பைப்புக்குள்ள இருக்குற காத்தையும் ஈரத்தையும் வெளிய எடுத்து, அப்புறம் வெளி யூனிட்டுல அடைச்சு வர்ற, குளிரைக் குடுக்குற கேஸைத் திறந்து விட்டாத்தான் அது ஏசி. ஃப்ரிட்ஜ் மாதிரி பிளக்கை சொருகினதும் ஓடுற சாமான் இல்ல. அதாவது பேக்டரியில முடியவேண்டிய கடைசி வேலை நம்ம வீட்டு சுவத்துல நடக்குது, அந்த வேலைக்கு என்ன செலவுன்னு மட்டும் பணம் கட்டுறதுக்கு முன்னாடி யாரும் முழுசா சொல்றதில்ல.

மெக்கானிக் வந்து நின்ன பிறகுதான் ஒவ்வொண்ணா வெளிய வரும். கூட வர்ற பைப் பெரும்பாலும் 3 மீட்டர்தான், அவுட்டோர் யூனிட்டை மொட்டை மாடியில வைக்கணும்னா அது பத்தாது, கூடுதல் பைப்புக்கு தனி காசு, அதுக்கு மேல சுத்துற இன்சுலேஷனுக்கு தனி, அவுட்டோர் உக்கார ஸ்டாண்டுக்கு தனி, கான்கிரீட் சுவர்னா பைப் போக மெஷின் வெச்சு ஓட்டை போடுற கோர் கட்டிங்குக்கு தனி, தண்ணி போற டிரெயின் பைப் நீளமா வேணும்னா அதுக்கும் தனி. ஸ்டெபிலைசர் வேணுமான்னு கேட்டா ஒருத்தர் வேணும்பார், இன்னொருத்தர் இன்வெர்ட்டர் ஏசிக்கு (தேவைக்கு ஏத்தபடி வேகத்தைக் கூட்டிக் குறைச்சு ஓடுறது) வேண்டாம்பார், உண்மையில உங்க ஏரியா கரண்ட் எவ்வளவு ஏறி இறங்குது, மெஷின் எவ்வளவு வோல்டேஜ் வரைக்கும் தாங்கும்னு பார்த்துத்தான் முடிவு பண்ணணும். வீட்டுல எல்லாரும் வேர்த்து விறுவிறுத்து நிக்கிற நேரத்துல, மெஷினையும் பிரிச்சு வெச்சுட்ட பிறகு, யாரு பேரம் பேசுவா? சரி பண்ணுங்கன்னுதான் சொல்லுவோம்.

வயரிங் செலவு இன்னும் பெருசு. 1.5 டன் ஏசி நல்லா இழுக்குறப்போ ஏறக்குறைய 1.5 கிலோவாட் வாங்கும், அதை டிவி, சார்ஜர் போடுற சாதாரண பாயிண்ட்ல சொருகக்கூடாது, வீட்டுக்குள்ள கரண்ட் பிரியுற டிபி பாக்ஸ்ல இருந்து தனியா தடிமனான வயர், கரண்ட் அதிகமானா தானே ஆஃப் ஆகுற தனி எம்சிபி சுவிட்ச், ஒழுங்கான எர்த் இதெல்லாம் வேணும். பழைய வீடா இருந்தா சுவத்தை வெட்டி வயர் இழுக்கணும், மீட்டர் லோடும் (வீட்டுக்கு அனுமதிச்ச கரண்ட் அளவு) ஏத்த வேண்டி வரும். சிலர் இந்த செலவுக்கு பயந்து பழைய வயர்லயே ஓட்டுறாங்க, பிளக் பாயிண்ட் பழுப்பா கருகி பிளாஸ்டிக் வாடை வர்ற வரைக்கும் தெரியாது. இது காசு விஷயம் இல்ல சார், உயிர் விஷயம்.

இன்னொண்ணு, கண்ணுக்கே தெரியாத செலவு. பைப்பை இணைச்ச உடனே வேக்கம் பம்ப் போட்டு உள்ள இருக்குற காத்தை இழுக்கணும், அப்புறம் பம்பை நிறுத்திட்டு அழுத்தம் காட்டுற கேஜ் முள்ளு திரும்பி ஏறுதான்னு கொஞ்ச நேரம் பார்க்கணும், ஏறுச்சுன்னா எங்கயோ லீக் இருக்குன்னு அர்த்தம். சீசன்ல நிறைய இடத்துல இதை யாரும் செய்றதில்ல. வெளி யூனிட் வால்வை ஒரு செகண்ட் திறப்பாங்க, 'உஸ்ஸ்'னு சத்தம் வரும், காத்து வெளிய போயிடுச்சு சார்னு சொல்லிட்டு நட்டை முறுக்கிடுவாங்க. காத்து முழுசா போகாது, ஈரமும் உள்ளயே தங்கிடும், அது கேஸை அழுத்தி ஓட்டுற கம்ப்ரெஸரோட ஆயிலோட சேர்ந்து ஆசிடா மாறி மெல்ல மெல்ல உள்ளுக்குள்ள அரிக்கும், கூலிங்கும் குறையும். ரெண்டாவது வெயில்ல மெஷின் தேறலன்னு கம்பெனியைத் திட்டுவோம், ஆனா கோளாறு மாட்டின அன்னைக்கே உள்ள போயிருக்கும்.

பைப் முனையை விரிக்கிற வேலையும் இப்படித்தான், பிளேரிங்னு சொல்லுவாங்க. பைப்பை வெட்டினா உள்பக்கம் பிசிறு நிக்கும், முனையைக் கீழ பார்க்க வெச்சு, தூள் உள்ள விழாம அதை சொரண்டி எடுத்துட்டு, கூம்பு மாதிரி விரிச்சு, சரியான அளவுக்கு நட்டை முறுக்கணும். அதிகமா முறுக்கினா காப்பர் கிழியும், கம்மியா முறுக்கினா கசியும். சோப்புத் தண்ணி தடவி குமிழி வருதான்னு பார்க்க அஞ்சு நிமிஷம் ஆகாது, அதைக்கூட கேட்டாத்தான் செய்றாங்க.

கேஸ் விஷயத்துல எவ்வளவு பேர் ஏமாறுறாங்கன்னு நெனச்சா ஆத்திரமா வருது. ஏசியில கேஸ் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீராது, மூடின பைப்புக்குள்ளயே சுத்திட்டு இருக்கும், வருஷா வருஷம் கேஸ் குறையுதுன்னா லீக்குன்னு அர்த்தம். லீக்கை அடைக்காம கேஸை மட்டும் நிரப்பி காசு வாங்கிட்டுப் போறது அநியாயம். அது பூமியையும் சூடாக்குது, இப்ப நிறைய ஏசியில வர்ற ஆர்32 கேஸ் ஒரு கிலோ வெளிய போனா, 100 வருஷக் கணக்குல பார்த்தா சுமார் 675 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு விட்டதுக்கு சமம். அந்த கேஸ் லேசா தீப்பிடிக்கக் கூடியதும்கூட, தெரியாதவங்க கை வைக்கிற வேலை இல்ல.

வாடகை வீட்டுக்காரங்களுக்கு இந்த செலவு திரும்பத் திரும்ப வருது. வீடு மாறினா கழட்டக் கூலி, மாட்டக் கூலி, பழைய பைப் அளவு ஒத்துவராது, சுவத்து ஓட்டையை அடைக்கச் சொல்லி வீட்டு ஓனர் கேப்பார். கழட்டுறப்போ கேஸை வெளி யூனிட்டுக்குள்ள இழுத்து பூட்டி எடுத்தா கேஸ் வீணாகாது, பம்ப் டவுன்னு பேரு, சில நிமிஷ வேலைதான், அதைச் செய்யாம பைப்பை வெட்டி எறிஞ்சிட்டு புது வீட்டுல முழு கேஸுக்கும் காசு கேக்குறாங்க.

டன் விஷயத்துலயும் கடைக்காரர் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு டன்னுங்கறது மெஷினோட எடை இல்ல, ஒரு மணி நேரத்துக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்குற அலகு) வெப்பத்தை வெளிய தள்ளுற சக்தி, கிட்டத்தட்ட 3.5 கிலோவாட், இது மெஷின் இழுக்குற கரண்ட் அளவு இல்ல. ரூம் அளவு மட்டும் பார்த்தா பத்தாது, மேல மொட்டை மாடியா, மேக்கு வெயில் அடிக்குதா, எத்தனை பேர் படுப்பாங்கன்னு எல்லாம் பார்க்கணும். தேவைக்கு மேல பெருசா போட்டா சட்டுனு குளிராகி நின்னு நின்னு ஓடும், ஈரப்பதம் போகாது, ரூம் பிசுபிசுன்னு இருக்கும். மாடிக்கு வெள்ளை பெயிண்ட் அடிச்சு ஜன்னல்ல வெயில் விழாம மறைச்சாலே சிலருக்கு சின்ன மெஷின் போதும், விளம்பரத்துல இதை யாரு சொல்லப் போறா?

நான் மெக்கானிக்குகளைக் குறை சொல்லல. வெளி யூனிட் ஒண்ணு 25 கிலோவுக்கு மேல இருக்கும், அதைத் தோள்ல வெச்சு உச்சி வெயில்ல சன்ஷேட் மேல கயிறுகூட கட்டாம நிக்கிறாங்க, ஒரே நாள்ல இத்தனை வீடு முடிக்கணும்னு மேல இருந்து நெருக்குறாங்க, வேக்கம் போட நேரம் எங்க இருக்கும்? அவங்களுக்கு நியாயமான கூலியும் கீழ விழாம இருக்க பாதுகாப்பு பெல்ட்டும் குடுத்து அதை விலையிலயே சேர்த்தா நான் சந்தோஷமா குடுப்பேன், எனக்கு வேண்டியது அது எவ்வளவுன்னு முன்னாடியே தெரியணும், அவ்வளவுதான்.

உலகத்துல ரொம்ப வெயில் அடிக்கிற இடங்கள்ல இருக்குற 280 கோடி பேர்ல 8 சதவீதம் பேர் வீட்டுலதான் ஏசி இருக்குன்னு சர்வதேச எரிசக்தி முகமை 2018ல சொன்னது. அப்படின்னா இனிமே வாங்கப் போறவங்க பெரும்பாலும் முதல் தடவை வாங்குறவங்க, பைப்பு, ஸ்டாண்டு, எம்சிபின்னு எதுவும் கேள்விப்படாதவங்க, வயசான அப்பா அம்மா ராத்திரி தூங்க முடியாம தவிக்கிறதைப் பார்த்துட்டு கடன் வாங்கி வாங்குறவங்க. அவங்ககிட்ட முழுச் செலவையும் சொல்லாம ஆர்டர் எடுக்கறது சரியே இல்ல.

அதனால ஆசிரியர்கிட்ட ஒண்ணு கேக்குறேன். விளம்பரம் வாங்குறப்போ, மெஷின் விலைக்குப் பக்கத்துலயே அதே அளவு எழுத்துல, மாட்டுற கூலி, கூட குடுக்குற பைப் நீளம், அதுக்கு மேல ஒவ்வொரு மீட்டர் பைப்புக்கும் எவ்வளவு, ஸ்டாண்டுக்கு எவ்வளவு, வேக்கம் போடுறது கூலியில சேர்த்தியா இல்லையா, இதைப் போடச் சொல்லுங்க. போட மாட்டோம்னு கடைக்காரங்க சொன்னா, நீங்களே வெயில் சீசனுக்கு முன்னாடி ஒரு பக்கத்துல கடை கடையா விசாரிச்சு அந்தக் கணக்கைப் போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்