அம்மாட வியாகுலப் பிரசங்கமும் இறையியல்தான்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட பேப்பர்ல உலக கிறிஸ்தவ இறையியல் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தரம் வாசிச்சன். நல்ல கட்டுரைதான், குறை சொல்ல ஏலாது. பெரு நாட்டு குஸ்தாவோ குத்தியரஸ் 1971ல எழுதின விடுதலை இறையியல், கொரியாவில ஒடுக்கப்பட்ட சனங்கள்ட பக்கம் நிண்ட மின்ஜுங் இறையியல், ஆபிரிக்கா எல்லாம் இருந்திச்சு. ஆனா கொழும்பில அடிக்கிற பேப்பர்ல கொழும்பு இல்லையே ஐயா, அதான் எழுதுறன்.

மருதானை டீன்ஸ் ரோட்டால பதினெட்டு வருஷம் வேலைக்குப் போய் வந்தவன் நான். திஸ்ஸ பாலசூரிய ஃபாதர் 1971ல தொடங்கின சமூக சமய நிலையம் அந்த ரோட்டிலதான். மரியாளப் பத்தி 1990ல அவர் போட்ட புத்தகத்துக்காக 1997 ஜனவரியில ரோம் அவர திருச்சபையில இருந்து விலக்கி வச்சது, அடுத்த ஜனவரியில திரும்ப எடுத்துக்கொண்டது. அவர் எழுதின எல்லாத்தையும் நான் ஒத்துக்கொள்ளேல்ல, ஜென்மப் பாவத்தப் பத்தி அவர் சொன்னது எனக்கு இன்னும் நெருடல்தான். ஆனா மரியாள் கண்ணத் தாழ்த்திக்கொண்டு நிக்கிற நீலச் சேலை சுரூபம் மட்டும் இல்ல, வலியவங்கள ஆசனத்தில இருந்து இறக்கிறவர் கடவுள்னு பாடின ஏழைப் பொம்பிள எண்டு அவர் சொன்னது சரிதானே? அது லூக்காவில இருக்கு, அவர் கண்டுபிடிச்சதில்ல.

களனிப் பக்கம் கோணவலையில அலோசியஸ் பீரிஸ் ஃபாதர் 1974ல துலான எண்டு ஒரு ஆய்வு நிலையம் தொடங்கினார். இயேசு சபைக்காரர், பௌத்தத்தில டாக்டர் பட்டம் எடுத்தவர். இயேசு யோர்தான்ல யோவான்ட கையால தலை குனிஞ்சு முழுக்கு (ஞானஸ்நானம்) வாங்கினவர், பிறகு கல்வாரியில சிலுவைச் சாவுதான் ரெண்டாவது முழுக்கு, ஆசியத் திருச்சபையும் இங்க உள்ள சமயங்கள்ட யோர்தான்லயும் ஏழைகள்ட கல்வாரியிலயும் இறங்கோணும் எண்டதுதான் அவர்ட கதை. நாங்க என்ன செஞ்சம்? கரையில நிண்டுகொண்டே மற்றவனுக்கு முழுக்குக் குடுக்கப் பாத்தம்.

பிறகு எங்கட யாழ்ப்பாணத்து மெதடிஸ்த டி. டி. நைல்ஸ். 1948ல ஆம்ஸ்டர்டாம்ல உலகத் திருச்சபைகள் மன்றம் தொடங்கின கூட்டத்தில பேசினவர், 1968ல மார்ட்டின் லூதர் கிங்க சுட்டுக் கொன்ன பிறகு சுவீடன் உப்சாலாவில நடந்த அதே மன்றக் கூட்டத்தில கிங் பேச இருந்த இடத்திலயும் அவர்தான் பேசினார். மிஷனரிமார் சுவிசேஷத்த சட்டியில வச்ச செடியா கொண்டு வந்தாங்க, சட்டிய உடைச்சு எங்கட மண்ணில நடுங்க எண்டு அவர் சொன்னதா எல்லாரும் சொல்லுவாங்க. (கொட்டாஞ்சேனையில மூணாம் மாடியில இருக்கிற எனக்கு மண்ணுக்கு எங்க போறது, இங்க கறிவேப்பிலையும் சட்டியிலதான்.)

ஆனா நான் சொல்ல வந்தது இவங்களப் பத்தி மட்டும் இல்ல. இவங்கட புத்தகங்கள தமிழ்ல கேட்டு நான் போன ரெண்டு கடையிலயும் கிடைக்கேல்ல, எல்லாம் இங்கிலீஷ். ஏழைகள்ட இறையியல ஏழைக்கு விளங்காத பாஷையில எழுதினா எப்பிடி? அம்மாக்கு இங்கிலீஷ் வராது. அவட்ட இருக்கிறது ஒரே ஒரு புத்தகம், இயேசு பாடுபட்டுச் செத்தத தியானிக்கிற வியாகுலப் பிரசங்கம். அட்டை போய், பழைய கலண்டர் தாள் ஒட்டி, நூலால தைச்சது. யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி எழுதினது. கோவாவில பிறந்து 1705ல இங்க வந்து, ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தத் தடை செஞ்சிருந்த காலத்தில தமிழும் சிங்களமும் படிச்சு ரெண்டிலயும் எழுதி 1742ல செத்தவர். ஐரோப்பாக்காரன் இல்ல பாருங்க. தவக்காலம் வந்தா அம்மா பாய் விரிச்சு அத ராகம் போட்டு இழுத்து இழுத்து வாசிப்பா, பக்கத்து வீட்டுப் பொம்பிளைகளும் வந்து இருப்பாங்க.

மூணு வருஷத்துக்கு முந்தி வன்னியில இருந்து வந்து எங்கட மாடியில வாடகைக்கு இருந்த அக்கா ஒருத்தவும் வந்தா. 2009ல மகன் காணாமப் போனவ, படத்த லேமினேட் பண்ணி பையிலயே வச்சிருப்பா. தாய் மகன்ட உடம்ப மடியில வாங்கிற இடத்த அம்மா வாசிச்சு முடிச்சு மூக்கச் சிந்தினா, எல்லாரும் அழுதாங்க, அந்த அக்கா மட்டும் அழேல்ல. மெதுவா சொன்னா, "அவவுக்கு உடம்பாவது கிடைச்சுது". அதுக்குப் பிறகு ஒருத்தரும் கதைக்கேல்ல. அம்மா புத்தகத்த மூடி வச்சிட்டு எழும்பிப் போய் தேத்தண்ணி போட்டா.

கொரியாக்காரங்க அடக்கி வச்ச துக்கத்துக்கு தங்கட பாஷையில ஹான் எண்டு ஒரு சொல் இருந்தத எடுத்து அதில இருந்தே இறையியல் செஞ்சாங்க. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில தியோபிலஸ் அப்பாவு கிறிஸ்தவப் பாட்டுக்கு நாட்டுப்புற மெட்ட எடுத்தார். எங்களிட்ட ஒப்பாரி இருக்கு, நாங்க அத வெக்கம் எண்டு ஒளிச்சு வைக்கிறம். எங்கட கோயில்ல போன பெரிய வெள்ளிக்கு வியாகுலப் பிரசங்கத்த நிப்பாட்டிட்டு புரொஜெக்டர்ல இங்கிலீஷ் படம் போட்டாங்க, இளசுகளுக்கு அதுதான் பிடிக்குமாம். என்ட மகள் போன்ல விளையாடிக்கொண்டு இருந்தா. வீட்டில அம்மா வாசிக்கேக்க அவ போன எடுக்கிறதில்ல, இத நான் பெருமைக்கு சொல்லேல்ல.

அடுத்த தரம் இப்பிடி எழுதினா ஒரு ஆள மன்னாருக்கோ சிலாபத்துக்கோ அனுப்பி இத வாசிக்கிற கிழவிமார ரெக்கோர்ட் பண்ணச் சொல்லுங்க, இன்னும் பத்து வருஷம் போனா ராகம் தெரிஞ்சவங்க இருக்கமாட்டாங்க. இன்னொண்டு, அம்மாட புத்தகத்தில அடக்கம் பண்ணுற இடத்துக்குப் பிறகு தாள் இல்ல, கறையான் அரிச்சிட்டு. உங்கட வாசகர் யாரிட்டயும் முழுப் புத்தகம் இருந்தா பேப்பர்ல ஒரு வரி போடுங்க, போட்டோ கொப்பி அடிச்சிட்டு அதே நாள் திருப்பித் தருவன்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனை வாசகன்